சத்தம் அடங்கிய டிராக்டர்

மலை மேலிருக்கும் இத்தலாருக்குப் போகும் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், ஒரு விவசாயி, அவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக், பின்சீட்டில் நான்.

"விடியால டிராக்டரை எடுத்தா கடகடன்னு அடிச்சுது, ஊட்டுல யாரும் தூங்க முடியலீங்க. அதான் வால்வை அழுத்துற டேப்பெட் திருகை நானே இறுக்கிட்டேன்," என்றார் விவசாயி.

"இப்ப நல்லாத் தூங்குறீங்களா?" என்றார் மெக்கானிக்.

"ரெண்டு நாள் சத்தமில்லாம ஓடுச்சு. இப்ப ஸ்டார்ட்டே ஆகலீங்க. இன்ஜினைச் சுத்தினா சைலன்சர்ல புஸ்ஸுங்குது."

"ரொம்ப இறுக்கினா வால்வு மூடாது, கருகிரும். அந்தச் சந்துல போற காத்துதான் புஸ்ஸுங்குது."

"மழைக்குள்ள உழுது உருளைக்கிழங்கு போடணுமுங்க."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு வால்வுன்னா ஊர்லயே கழட்டித் தேய்ச்சு உக்கார வெச்சரலாம். எல்லாமே போயிருந்தா இன்ஜின் ஹெட்டையே கோயமுத்தூர் பட்டறைக்கு எறக்கணும். மழை முந்திக்கும். எத்தனை வால்வை இறுக்குனீங்க?"

விவசாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருக்குற ஆறையும்."