எட்டிப் பார்த்த கிணறு

— திரும்பச் சொல்லுங்க. பேங்குக்காரரு கெணத்தடிக்கு வந்து என்ன கேட்டாரு?

— தண்ணி இருக்கான்னு கேட்டாரு, மாரீஸ்வரி. எட்டிப் பாருங்க சார்னேன். பாத்தாரு. தண்ணி கெடந்துச்சு. இதுல பொய் எங்க இருக்கு?

— அவரு வர்றதுக்கு மொத நா ரெண்டு லாரித் தண்ணி வாங்கி உள்ள ஊத்துனதச் சொன்னீகளா?

— அவரு கேக்கல. கேக்காதத நான் ஏன் சொல்லணும்?

— தூ. சோத்தத்தான திங்கிறீக. போன வாரம் திரும்ப வந்து பாத்தாகள்ல. ஒரு தவளை கூட இல்ல உள்ள.

— நோட்டீச நல்லாப் படி. பொய்யான தகவல் சொல்லி லோனு வாங்குனதா போட்டிருக்கான். நான் என்ன சொன்னேன்? எட்டிப் பாருங்கன்னேன். அவ்வளவுதான். வக்கீல் காளிராஜே என்னப் பாத்து, ‘மதன்குமாரு, நீங்க பொய் சொல்லல’ன்னுட்டாரு.

— அதுக்கப்புறம் சொன்னதையும் சொல்லுங்க. நானுந்தான பக்கத்துல ஒக்காந்திருந்தேன்.

— அது என்னமோ சட்டம் பேசுனாரு.

— பொய் சொல்றது வேற, ஏமாத்துறது வேற. ஒரு பொய்யும் சொல்லாம, உள்ளத மறைச்சு நம்ப வச்சாலும் ஏமாத்துனதுதான், கேசு நிக்கும்னாரு. ஒங்களுக்குப் பாதிதான் காதுல விழும் போல.

— ஒரு மழை பேஞ்சிருந்தா மொளகா வித்து அடைச்சிருப்பேன்.

— திருச்சுழிக் காட்டுல மழை பேயலையாம். பெருசா கண்டுபிடிச்சிட்டாரு. ஒங்களுக்கென்ன, போறது எங்கய்யா நெலம். நரிக்குடியில அந்த ஒரு துண்டு வயலையும் நாலு ஆட்டையும் வச்சுத்தான் கஞ்சி குடிக்கிறாக. ஒங்களுக்கு ஜாமீன் போட்ட பாவத்துக்கு அது ஏலத்துக்கு வருது. எனக்கு வயிறு எரியுது.

— ஒங்கய்யாவ நானா இழுத்துட்டு வந்தேன்? மாப்பிள்ள கெணறு வத்தாத கெணறுன்னு அவுகளா வந்து கையெழுத்துப் போட்டாக.

— ஏன் போட்டாக? பொண்ணு குடுக்குறதுக்கு முன்னாடியே வந்து எட்டிப் பாத்தவுக அவுக. பங்குனி மாசம், ஊரே காஞ்சு கெடக்கு, இவுக கெணத்துல மட்டும் தண்ணி கெடக்குன்னு வீட்டுல வந்து சொன்னாக. வேற எதையும் விசாரிக்கல. அந்தத் தண்ணியப் பாத்துத்தான் என்னக் குடுத்தாக.

— அது பழைய கதை. இப்ப எதுக்கு?

— ஏன் அங்கிட்டு மூஞ்சியத் திருப்புறீக? என்னப் பாத்துச் சொல்லுங்க. அன்னைக்கும் லாரியா?

— லாரி இல்ல. எங்கய்யா டிராக்டர்லதான் கொண்டாந்து ஊத்துனாரு.