தினேஷ் பேச வேண்டியது

நேற்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "செத்துப்போனவனுக்கு நாங்க வணக்கம் சொன்னோம்டி" என்று ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள். அதன்பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி வகுப்பில் குழுக்குழுவாக மேடையேறிப் பேசியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவள் அன்று வகுப்புக்குப் போகவில்லை.

"யாரு, தினேஷுக்கா?"

"ஆமா. அவன் காய்ச்சல்ல போறதுக்கு முன்னாடியே குரூப் பிரிச்சாச்சு இல்ல. அவன் பேச வேண்டியதையும் அதே குரூப்ல இருக்கிற இம்ரானே பேசட்டும்னு மிஸ் சொல்லிட்டாங்க."

"இம்ரானுக்கு அது தெரியுமா?"

"ஹாஸ்டல்ல ரெண்டு பேரும் ஒண்ணாதான பேசிப் பாத்தாங்க. மனப்பாடமா தெரியும். தன்னுது முடிச்சிட்டு, கண்ணை மூடிகினு, 'எல்லாருக்கும் வணக்கம், என் பேரு தினேஷ்'னு ஆரம்பிச்சிட்டான்."

"ஐயோ."

"நாங்களும் பழக்கத்துல வணக்கம்னுட்டோம், மொத்த கிளாஸும். அப்புறம்தான் அவனுக்கே உறைச்சுது. அப்படியே நின்னுட்டான்."

"அழுதானா?"

"இல்ல. மீதியையும் பேசி முடிச்சிட்டுதான் இறங்கினான். யாரும் கை தட்டல."

"மிஸ்?"

"அடுத்த குரூப்னாங்க. நாங்கதான் அடுத்தது, பிளாஸ்டிக் ஒழிப்பு. நான் மொதல்ல பேசணும். மேடையில நின்னா, என் பேரைச் சொல்லவே பயமா இருந்துச்சுடி."

"என்ன பண்ணின?"

"சொல்லாமயே பேசிட்டு வந்துட்டேன். அறிமுகம் இல்லன்னு மார்க் கம்மி பண்ணிட்டாங்க."