இரண்டு பூஜ்ஜியங்கள் உள்ள வரி

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, கணினிப் பிரிவின் தலைவர் அவர்களே, ரத்த வங்கிப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, மூன்றாம் வரிசையில் கதவோரமாக, எந்த நிமிடமும் எழுந்து போய்விடத் தயாராக உட்கார்ந்திருக்கும் அவருடைய மகளே, அனுமதி பெற்று வந்த ஊழியர்களே, அனுமதி பெறாமல் வந்த ஊழியர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் பூஜ்ஜியம் சார் போய்விட்டார்.

நிகழ்ச்சி நிரலில் அவரை "மூத்த நிரலாளர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். கடைசிப் பதினொரு மாதங்கள் அவர் அடித்தளத்தில் "பழைய உபகரணக் காப்பாளர்". உயிரோடு இருந்தபோது பறித்த பதவியை இறந்த பிறகு திருப்பிக் கொடுத்திருக்கிறோம். நம் நிர்வாகத்தில் இவ்வளவு விரைவாக நடந்த வேறொரு பதவி உயர்வை நான் அறியேன்!

அவருக்கு ஏன் பூஜ்ஜியம் என்று பெயர் வந்தது? மருத்துவர்களும் செவிலியர்களும் ஓட்டுநர்களும் இருக்கும் சபை இது. ஆகவே கொஞ்சம் விளக்குகிறேன்.

ரத்த வங்கிக் கணினியில் ஒரு நிரல், அதாவது புரோகிராம், ஓடுகிறது. எந்த நோயாளிக்கு எந்த ரத்தம் பொருந்தும் என்ற முடிவை அது அறுவை அரங்கின் திரைக்கு அனுப்புகிறது. வழியில் யாரும் படித்துவிடாதபடி எழுத்துகளைக் குலைத்து அனுப்புகிறது. இதற்கு மறையாக்கம் என்று பெயர். அந்த வேலையைச் செய்யும் கருவித் தொகுப்பை நாங்கள் நூலகம் என்கிறோம். அதில் புத்தகம் எதுவும் கிடையாது.

அதே நிரல், எல்லா விவரங்களையும் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளத்தோடும் பேச வேண்டும். அதற்கு ஓர் இடையாள் உண்டு. அந்த இடையாளுக்கும் அதே மறையாக்க நூலகம்தான் வேண்டும். இங்கேதான் சிக்கல். நூலகத்தை ஒருவர்தான் தொடங்கிவைக்க வேண்டும். நிரல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால், முதல் இணைப்பைத் திறப்பதற்கு முன்பே இடையாளிடம் சொல்லிவிட வேண்டும்: "நான் தொடங்கிட்டேன், நீ கை வைக்காதே." அதைச் சொல்லும் வரியில் இரண்டு பூஜ்ஜியங்கள் இருக்கும். நூலகத்தில் இரண்டு பகுதிகள். பகுதிக்கு ஒரு பூஜ்ஜியம். இதையும் தொடங்காதே, அதையும் தொடங்காதே.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் கொடுமை! இடையாள் தானும் ஒருமுறை தொடங்கிவைக்கும். உள்ளே பல வேலைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பூட்டுகள் உண்டு; அவையும் தன்னுடையவை என்று நினைத்துக்கொள்ளும். கடைசி இணைப்பு மூடப்படும்போது, கிளம்புகிற விருந்தாளி வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவதைப் போல, எல்லாப் பூட்டுகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

அந்த வரியை எழுதியவர் பூஜ்ஜியம் சார். பதினான்கு ஆண்டுகள் அந்த வரி காலையில் ஒருமுறை ஓடியது. பதினான்கு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு நாம் என்ன விருது கொடுத்தோம்? பட்டப்பெயர் கொடுத்தோம்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். அண்ணி சொன்னார்கள். கல்யாணமான புதிதில் இவர் ஒருமுறை உப்புப் போடுவாராம், அண்ணி ஒருமுறை போடுவார்களாம். மறுநாள் இருவருமே போட மாட்டார்களாம். மூன்றாம் நாள் துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டார். உப்புப் போட்டவர் பாத்திரத்தின் விளிம்பில் கிளிப்பை மாட்ட வேண்டும்.

"இதெல்லாம் ஒரு குடும்பமா, ஆபீசா?" என்று அண்ணி கேட்டார்களாம்.

"ஆபீஸ்ல இந்த அளவுக்கு ஒழுங்கு இருந்தா நான் ஏன் வீட்டுக்கு லேட்டா வர்றேன்?" என்றாராம்.

புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். பெயர் கேட்க மாட்டார், எங்கே படித்தாய் என்று கேட்க மாட்டார். திரையைக் காட்டி, "இதை யாரு தொடங்கினது?" என்பார். என்னிடமும் கேட்டார். "தெரியல சார்" என்றேன். "அப்ப எதையும் தொடாத" என்றார். ஒன்பது ஆண்டுகள் அவர் பக்கத்து மேசையில் இருந்தேன். அந்த ஒரு பாடம் எனக்கு ஏறவில்லை.

சென்ற ஆண்டு நம் கணினிப் பிரிவில் "தேவையற்ற வரி ஒழிப்பு வாரம்" கொண்டாடினோம். தலைவர் அவர்களின் யோசனை. நிரல்களில் பயனில்லாத வரிகளை யார் அதிகம் நீக்குகிறாரோ அவருக்குக் கேடயம். பூஜ்ஜியம் சார் அந்த வாரம் விடுப்பில் இருந்தார், மகளுக்குத் தேர்வு. கேடயம் பெற்றவர் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரிகளை நீக்கினார். அவற்றில் ஒன்று இரண்டு பூஜ்ஜியங்கள் உள்ள வரி. எதையும் செய்யாதே என்று சொல்கிற வரி, எதையும் செய்யாத வரி என்று அவருக்குப் பட்டது.

சோதனை அறையில் பார்த்தார்கள். நன்றாக ஓடியது. ஓடத்தானே செய்யும்! அங்கே ஒரு திரை எப்போதும் திறந்தே கிடக்கும். கடைசி இணைப்பு என்று ஒன்று மூடவே மூடாது.

பத்தொன்பது நாள் ஒன்றுமில்லை. இருபதாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு ரத்த வங்கியில் வேலை கொஞ்சம் ஓய்ந்தது. தரவுத்தள இணைப்புகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசி இணைப்பும் மூடியது. பூட்டுகள் போயின. அறுவை அரங்கின் திரை அப்படியே உறைந்து நின்றது.

அறுவை மேசையில் ஒரு பேருந்து ஓட்டுநர் கிடந்தார். அரங்கச் செவிலியர் தொலைபேசியில் ரத்த வங்கியைக் கேட்டார், "என்னங்க, முடிவு வரலையே?" ரத்த வங்கியில், "அனுப்பிட்டோமே" என்றார்கள். "வரலைங்க." "எங்க பக்கத்துலேருந்து போயிடுச்சுங்க." இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். கடைசியில் அந்தச் செவிலியர் மூன்று மாடி இறங்கி ஓடி, காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி ஓடினார். நாற்பத்தொரு நிமிடம். ஓட்டுநர் பிழைத்தார். வலது கால் பிழைக்கவில்லை. எப்படியும் எடுக்க வேண்டியதாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். 'இருந்திருக்கலாம்' என்பதை ஊன்றிக்கொண்டு யாராலும் நடக்க முடியாது. அவரிடம் இப்போது ஊன்றுகோல் இருக்கிறது.

பூஜ்ஜியம் சார் வந்தார். ஒரே ஒரு கோப்பைத் திறந்தார். வரி இருந்த இடத்தைப் பார்த்தார். திரும்ப எழுதினார். நான்கு நிமிடத்தில் எல்லாம் சரியாயிற்று. அந்த நான்கு நிமிடம்தான் அவரைக் கொன்றது.

எப்படி? ஒரு கோப்பில் யார், எப்போது கை வைத்தார்கள் என்பது கணினியில் பட்டியலாகப் பதிவாகும். கடைசியாகத் தொட்டவர் பெயர் மேலே இருக்கும். விசாரணைக் குழு கூடியபோது பட்டியலின் உச்சியில் ஒரே ஒரு பெயர் தெரிந்தது. அவருடைய பெயர். அதே நாள். அதே பிற்பகல்.

குழுவில் மூவர். தலைவர் அவர்கள், நிர்வாக அதிகாரி, தொழில்நுட்ப உறுப்பினர். தலைவர் கேட்டார், "கடைசியா இந்த ஃபைல்ல கை வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான் சார்."

"அதுக்கு முன்னாடி?"

பூஜ்ஜியம் சார் தொழில்நுட்ப உறுப்பினரைப் பார்த்தார். "கீழ இன்னொரு வரி இருக்கு சார். தம்பி நகத்திக் காட்டுவான்" என்றார்.

தம்பி நகர்த்தவில்லை. "அது வழக்கமான பராமரிப்பு சார்" என்றான் தம்பி.

சபையோரே! அந்தத் தம்பி நான். கேடயம் வாங்கியவனும் நான். சுண்டுவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பட்டியல் ஒரு வரி கீழே நகர்ந்திருக்கும். அழுத்தவில்லை. தலைவருக்கு உண்மை தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ, அதைச் செய்தார், மேலும் கேட்கவில்லை. அறிக்கையை எழுதியதும் நான்தான். "குறிப்பிட்ட பகுதி அவருடைய பொறுப்பில் இருந்தது. சம்பவ நாளில் அவர் அதில் மாற்றம் செய்துள்ளார்." இரண்டு வாக்கியங்கள். இரண்டும் உண்மை. பொய்யே இல்லாமல் ஒரு பொய்யைக் கட்டுவது எவ்வளவு எளிது!

அடித்தளத்துக்கு ஒரே ஒருமுறை போனேன். உடைந்த மானிட்டர்களுக்கு நடுவே ஒரு நாற்காலியில் இருந்தார். ஒவ்வொரு மானிட்டரிலும் என்ன கோளாறு என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காத வேலை.

"ஏன் சார் நீங்க சொல்லல?" என்று கேட்டேன். அவரைக் கேட்கிறேன், பாருங்கள்!

பசைக் குப்பியை மூடிவிட்டுச் சொன்னார்: "நான் எப்படிப்பா சொல்றது? யாரு தொடங்கினாங்களோ, அவங்கதான் 'நான் தொடங்கிட்டேன்'னு சொல்லணும். பக்கத்துல இருக்கறவன் சொன்னா குழப்பம்தான் வரும்."

கோபமே இல்லை அந்தக் குரலில். அதற்குப் பிறகு நான் லிஃப்ட் பயன்படுத்துவதை விட்டேன். லிஃப்ட் சில சமயம் தானாக அடித்தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறது.

சென்ற செவ்வாய் பிற்பகல் துப்புரவுப் பணியாளர் அம்மா அவரை அந்த நாற்காலியிலேயே கண்டார். கையில் பாதி எழுதிய சீட்டு. மாரடைப்பு என்றார்கள்.

துக்கம் கேட்க வீட்டுக்குப் போனேன். அண்ணி நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். "உங்க அறிக்கைய எனக்குப் படிச்சுக் காட்டினாரு தம்பி" என்றார்கள். தம்ளரைக் கீழே வைத்தேன். "'நல்லா எழுதியிருக்கான், ஒரு பிழை இல்ல'ன்னாரு."

பிறகு குரலைத் தாழ்த்தினார்கள். "எங்க பொண்ணுதான் தம்பி... அந்த டிரைவரோட மகளும் இவளும் ஒரே வகுப்பு. அப்பாவாலதான் அவர் கால் போச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இவர் ஒண்ணும் சொல்லாமலே போய்ட்டாரு. நீங்க கூடவே வேலை பாத்தவரு. நான் அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"சொல்றேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பதினொரு மாதத்தில் நான் கொடுத்த முதல் வாக்கு அது.

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார். "இரண்டு நிமிடத்தில் முடிக்கவும். அடுத்து மௌன அஞ்சலி." முடிக்கிறேன் சார். மௌன அஞ்சலியை மட்டும் இன்று விட்டுவிடலாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நிமிடம் எதற்கு? பதினொரு மாதமாக நாம் எல்லோரும் அதைத்தானே செலுத்திக்கொண்டிருக்கிறோம்!

இத்தகைய கூட்டங்களில் மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். அவருடைய பணி என்ன? காலையில் ஒருமுறை, முதல் இணைப்பைத் திறப்பதற்கு முன்பு, யார் எதைத் தொடங்கினார் என்று சொல்லிவிடுவது. அவ்வளவுதான் அவருடைய பணி. நான் பதினொரு மாதம் தாமதமாக அதைத் தொடர்கிறேன். அறிக்கையைத் திருத்தக் கோரும் கடிதத்தில் கையெழுத்திட்டு, இயக்குநர் அவர்களின் தண்ணீர்க் கோப்பைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கேடயத்தைப் பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறேன்; யாருக்கும் வேண்டியிராது. ஓட்டுநர் வீட்டுக்கு நாளை காலை போகிறேன். அவர் கதவைத் திறப்பாரா என்று தெரியாது. திறக்காவிட்டால் வாசலில் நின்று சொல்வேன்.

திரையில் அவருடைய புகைப்படம் இருக்கிறது. அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். அதைக் கொஞ்சம் விலக்குகிறேன். மன்னியுங்கள் அண்ணி. இதோ, அந்தக் கோப்பின் பட்டியல். மேலே தெரிவது அவர் பெயர். விசாரணைக் குழு பார்த்தது இவ்வளவுதான்.

அம்மா, கதவோரம் இருப்பவளே, போய்விடாதே. உன் அப்பா பெயருக்குக் கீழே பார். நகர்த்துகிறேன்.