ரோட்டோரம் கிடைத்த எல்லைக்கல்

உப்பலில் மெட்ரோ ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண், பக்கத்திலிருந்தவரிடம் தமிழில் சொன்னாள்: "ஏரியைச் சுத்தம் பண்ண வர்றவங்களை நம்பாதீங்க அக்கா."

அவள் சட்டையிலேயே 'ஏரியைக் காப்போம்' என்று தெலுங்கில் எழுதியிருந்தது. காலணியெல்லாம் சேறு.

"நீயும் அவங்களோடதானே போறே?"

"ஹவ், ஆமாக்கா, அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு நம்ம அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிர்ல, ரோட்டோரக் குட்டையில ஆகாயத்தாமரை பிடுங்கிட்டிருந்தேன். அடியில ஒரு கல்லு. ஏரியோட எல்லைக்கல்லு."

"ரோட்டுப் பக்கமா? ஏரி நமக்குப் பின்னாடில்ல இருக்கு! அப்போ நம்ம அபார்ட்மென்ட்?"

"ஏரிக்குள்ள இருக்கு."

அக்கா கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "வேற யாராவது பாத்தாங்களா?" என்றார்.

"தெரியல. எங்க லீடர் பின்னாடியே நின்னான், கையில போன் இருந்துச்சு. போட்டோ எடுத்தானான்னு தெரியல, என்னைப் பாத்து சிரிச்சான். அவன் நகர்ந்ததும் பிடுங்கின செடியையெல்லாம் கல்லு மேலயே போட்டு மூடிட்டேன்."

"இனிமே அந்த வேலைக்கே போகாதே."

"போகாம எப்படி? அடுத்த ஞாயித்துக்கிழமை நான் போகலைன்னா, அந்த இடத்தை வேற யாராவது சுத்தம் பண்ணிடுவாங்களே."

அக்கா குனிந்து அவள் காலணியிலிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"காலையில எத்தனை மணிக்கு வரணும்?"