இசித்ரா சோறு போட்டுத் தூக்கிய பள்ளிக்கூடம்

விழாத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை ஓனராத்தா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பிள்ளையை இடுப்பிலும் பெருமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, மேல்கரைப் பெருமக்களே, என் கீழ்க்கரைச் சொந்தங்களே, வணக்கம்.

நம் ஊர் பக்காவானின் வரலாற்றைச் சொல்லச் சொன்னார்கள். என்ன பெரிய வரலாறு? ஓடைக்கு அந்தப் பக்கம், மேல்கரையில், தென்னந்தோப்புக்காரர்கள்; இந்தப் பக்கம், கீழ்க்கரையில், வலை வீசும் நாங்கள். பள்ளி இருந்தது எந்தப் பக்கம்? அந்தப் பக்கம். மழை பிடித்தால் ஓடை பெருகும், எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் கிடப்பார்கள். பாலம் கேட்டோம். "பாப்போம்" என்றார் மேல்கரைக்காரரான ஊர்த்தலைவர் கிரிஸ்புலோ. பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு புயலில் மேல்கரை இடிந்தது. மூங்கிலும் ஓலையுமான பள்ளி எந்நேரமும் ஓடையில் விழலாம். வீட்டை அப்படியே பெயர்த்துக் கழிகளில் ஏற்றி, ஊரே கூடித் தோளில் சுமந்து போவது நமக்குப் புதிதா? ஆனால் வழக்கம் என்ன? வீட்டுக்காரர் அழைக்க வேண்டும், வீட்டுக்காரர் சோறு போட வேண்டும், வீட்டுக்காரர் காட்டும் இடத்தில் இறக்க வேண்டும். பள்ளிக்கு வீட்டுக்காரர் யார்? ஊருக்கே பொது. அதனால் ஒருவரும் அழைக்கவில்லை.

அழைத்தாள் ஒருத்தி. நண்டு பிடித்துப் பிழைத்த கைம்பெண் இசித்ரா. மகள் லூமிங் கற்ற எழுத்தையெல்லாம் ஒவ்வொரு மழையிலும் மறப்பதைக் கண்டு வயிறெரிந்தவள். இருந்த ஒரே பன்றியை அறுத்தாள், அண்டா நிறையச் சோறு வடித்தாள், இரு கரை ஆண்களையும் கூப்பிட்டாள். தலைவர் மறுசோறும் வாங்கினார். சிரிக்காதீர்கள், அவர் பேரன் இங்கேதான் இருக்கிறார்.

பள்ளி தோளில் ஏறியது. "நம்ம கரை மாதா கோயில் பக்கமா போங்கப்பா" என்றார் தலைவர்.

"அண்ணே, சோறு யாரு போட்டா?" என்றாள் இசித்ரா.

"நீதான்."

"அப்ப எடத்தையும் நான்தான் காட்டணும். ஓடையில எறங்குங்க."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? இது எங்க கரைப் பள்ளிக்கூடம்."

"அப்படின்னா நேத்தே நீங்க ஒரு பன்னிய அறுத்திருக்கலாமே."

தோளில் பள்ளி, வயிற்றில் அவள் சோறு. என்ன செய்வார்கள்? இறங்கினார்கள். இடுப்பளவு நீரில் தள்ளாடித் தள்ளாடி, இதோ, இந்த மண்ணில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அடுத்த மழையிலும் ஓடை பெருகியது. ஆனால் இம்முறை வீட்டில் கிடந்தவர்கள் மேல்கரைப் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகளுக்காக எத்தனையோ மழைக்காலம் வராத பாலம், அவர்கள் பிள்ளைகளுக்காக ஒரே வாரத்தில் வந்தது!

அந்தப் பாலத்தில் நடந்து வந்து, இரு கரையாரும் கலந்து அமர்ந்து, பொறுமையாகக் கேட்டீர்கள். உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.