பச்சை ஆமை

“ஏனுங்க மாஸ்டர், இந்த ஆமை முதுகுல எதுக்குங்க குக்கரு?”

பல்லடம் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் கேட்டாள். கழுத்தில் பனியன் கம்பெனி அட்டை, செக்கிங் பிரிவு. பக்கத்தில் அதே கம்பெனியின் சாய மாஸ்டர், விநோத ஜந்துகளைப் பிடித்துச் சேர்க்கும் செல்போன் விளையாட்டில் மூழ்கியிருந்தார்.

“கோவம் வந்தா விசிலடிக்குமுங்க அம்மணி. அதை உடுங்க, கலரைப் பாருங்க. ஊர்ல எல்லார்த்துகிட்டயும் இருக்கறது நீலம். என்றது மட்டும் பச்சை. ஆறு மாசம் தேடிப் புடிச்சனுங்க.”

“என்ற டேபிளுக்கு வந்திருந்தா ரிஜெக்ட்டுங்க. கலரு மாறியிருக்குது.”

“இதுல அதுக்குப் பேரு அபூர்வமுங்க.” குரல் இறங்கியது. “காலைல என்ற லாட்டுப் பனியனையெல்லாம் ரிஜெக்ட் பண்ணீட்டீங்களே, அதுவும் நீலத்துக்குப் பச்சைதானுங்க. முதலாளி நாளைக்குக் கூப்புட்டிருக்கறாரு. கொஞ்சம் பாத்து எழுதியிருக்கலாமுங்க.”

அவள் ஆமையை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தாள்.

“ஒன்னே ஒன்னு பச்சையா வந்திருந்தா நானும் அபூர்வம்னு எழுதியிருப்பனுங்க மாஸ்டர். ரெண்டாயிரமும் பச்சையாவே வந்திருக்குதுங்களே.”