குழிக்குள் பேசிய குரலை எடைபோட்ட விசாலாட்சி அம்மையாருக்கு

காற்றைக் கண்ணாடியில் அடைத்துக் கனம் கண்டவரே! பேயென்றும் பிசாசென்றும் பிறர் பதறிய வேளையில், பதறாமல் பொருள் எதுவெனப் பகுத்துச் சொன்னவரே! பாசிர் ரிஸ்ஸிலிருந்து முதல் ரயிலில் புறப்பட்டு, எங்களுக்கெல்லாம் முன்பாக வந்து வாயுக் குழாய்களின் இறுக்கம் பார்த்த எங்கள் மூத்த வேதியியலாளரே, விசாலாட்சி அம்மையாரே! பணிவான வணக்கம்!

தங்கள் பண்புகளை அடுக்கினால் தாங்களே எழுந்து வாயிற்பக்கம் நடந்துவிடுவீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே, தங்கள் பணிநிறைவு நாளான இன்று, ஃபேரர் பார்க்கின் இந்த மண்டபத்தில் கூடியிருப்போரில் பலர் அறியாத ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்லி அமைகிறோம். சபை கேட்க வேண்டிய கதை என்பதால், எதிரில் அமர்ந்திருக்கும் தங்களை ‘அவர்’ என்றே சொல்கிறோம், பொறுத்தருள்க.

சிங்கப்பூர்த் தீவின் மேற்குக் கோடியில் ஒரு கிடங்கு. மின்சில்லு ஆலைகளில் பயன்படுத்தி மீந்த வாயு உருளைகளை அங்கே வைத்திருந்தார்கள். தரைக்குக் கீழே மழைநீர் இறைக்கும் பம்புக் குழி. இரும்பு ஏணியில்தான் இறங்க வேண்டும். இந்த நிகழ்ச்சிக்கு முந்திய ஆண்டு முத்தையா என்ற தொழிலாளி அந்தக் குழியில் இறந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். குடித்துவிட்டு இறங்கினான் என்று தொழிலாளர் விடுதியில் கிளம்பிய பேச்சு, கடல் கடந்து அவர் வீட்டு வாசல்வரை போயிற்று.

அதே குழிக்குள் அங்கமுத்து என்பவர் பம்பைப் பார்க்க இறங்கினார். இறங்கிய சூட்டிலேயே மேலேறி, ஏணியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, “தூக்குங்கடா... தூக்குங்க...” என்றார். அங்கமுத்துவுக்குக் கீச்சுக்குரல். அன்று வந்ததோ பாறையை உருட்டியது போன்ற கனத்த குரல். அது முத்தையாவின் குரலேதான் என்று சுற்றி நின்றவர்கள் அலறி ஓடினார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து கைகொடுத்து இழுத்துப்போட்டார்.

மறுநாள் யாரும் கிடங்கில் காலெடுத்து வைக்கவில்லை. மேலாளர் சுரேந்தர், அங்கமுத்துவும் குடித்திருந்தார் என்று முடிவுகட்டி, ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். குழியை இரும்புத் தகடு போட்டு மூடிவிடவும் ஆள் வரச்சொன்னார். காற்றுச் சோதனை கட்டாயம் என்பதற்காகவே நம் ஆய்வகத்துக்குச் சொல்லியனுப்பினார்.

விசாலாட்சி, உதவிக்கு நம் ஆய்வகத்து வைதேகியை அழைத்துக்கொண்டு கிடங்கில் போய் இறங்கியதும், “என்ன மேடம், இதுக்குப் போய் டெஸ்ட்டா? வெல்டிங் அடிச்சு சீல் பண்ணிட்டா முடிஞ்சுபோச்சு லா,” என்றார் சுரேந்தர்.

“உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒரு தீப்பொறிகூடப் பறக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் வெல்டர நிறுத்தி வைங்க.”

குழியின் விளிம்பில் மண்டியிட்டு, உறிஞ்சுகுழாயை அடிவரை இறக்கினார். உள்ளே ஒரு வாடையும் இல்லை. தேங்கிய நீரில் ஓர் அலைகூட இல்லை. குனிந்து பார்த்தபோது முகமூடியின் வார் நழுவியது. “வைதேகி, போதும், இழு,” என்று சொல்ல வாயெடுத்தார். சொல் அவருடையது, குரல் அவருடையதில்லை. யாரோ ஓர் ஆண்பிள்ளை அவர் நெஞ்சுக்குள் உட்கார்ந்து பேசியதுபோல் இருந்தது. பின்னால் நகர்ந்து, நல்ல காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, தன் பெயரைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆய்வகத்தில், பிடித்துவந்த காற்றை உலர்பனியில் குளிரவைத்து, சாதாரணக் காற்றை விலக்கி, எஞ்சியதைப் பகுத்தார். ஒரு கார்பனுக்கு இரண்டு ஃபுளோரின், வேறெதுவும் இல்லை. ஆனால் விகிதம் ஆளைக் காட்டிக்கொடுக்காது. அந்த விகிதத்தில் இரண்டு கார்பன் கொண்ட வாயு பொறி பட்டால் வெடிக்கும். நான்கு கார்பன் கொண்டது எரியாது. அரவமில்லாமல் காற்றைத் தள்ளிவிட்டுத் தான் வந்து உட்கார்ந்துகொள்ளும். எது என்று சொல்ல அடர்த்தி ஒன்றே வழி.

ஒரு லிட்டர் கண்ணாடிக் குமிழை வெறுமையாக்கி நிறுத்தார். அந்த வாயுவை நிரப்பி மீண்டும் நிறுத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, வெறும் கண்ணாடி. தராசோ எட்டு கிராமுக்குச் சற்று மேலே போய் நின்றது. சாதாரணக் காற்றென்றால் ஒன்றேகால்கூடத் தேறாது. அறை வெப்பத்தில் எந்த வாயுவும் ஒரு மோல் இருபத்துநாலரை லிட்டர் இடம் பிடிக்கும், பெருக்கினால் இருநூறு. ஒரு கார்பனும் இரண்டு ஃபுளோரினும் சேர்ந்தால் ஐம்பது. இருநூறுக்குள் ஐம்பது நான்கு முறை. நான்கு கார்பன், எட்டு ஃபுளோரின்.

உடனே தொலைபேசியை எடுத்தார். “சுரேந்தர், அது வெடிக்காது. ஆனா வெல்டிங் சூட்டுல சிதைஞ்சு விஷமாயிடும். நெருப்பு வெச்சிருந்தீங்கன்னா வெல்டர் அங்கேயே விழுந்திருப்பாரு. அந்த வாயு இருக்கிற சிலிண்டர் எது கசியுதுன்னு பாருங்க. அங்கமுத்து குடிக்கல. கனமான வாயுவ இழுத்தா குரல் தடிச்சுப்போகும். எனக்கும் போச்சு.”

குழிக்குப் பக்கத்திலேயே, வால்வு இற்றுப்போன உருளை கிடைத்தது. அங்கமுத்துவின் பயணம் நின்றது.

பயந்திருந்த தொழிலாளர்களை ஆய்வகத்துக்கே வரவழைத்தார். காலியாகத் தெரிந்த கண்ணாடிக் கோப்பையை ஒரு மெழுகுவர்த்தியின் மேல் மெல்லச் சாய்த்தார். ஒன்றுமே விழவில்லை. சுடர் மட்டும் படுத்து அணைந்தது.

மற்றவர்கள் போனபின் அங்கமுத்து தயங்கி நின்றார். “அம்மா, மேல வந்தப்புறம் நான் பேசுனது சரி. கீழ இருக்கையில, ‘ஏறு, ஏறு’ன்னு கேட்டுச்சே?”

“அதுவும் உங்க குரல்தான். பயத்துல நீங்களே சொல்லியிருப்பீங்க.”

“நான் வாயே தொறக்கலம்மா.”

தராசில் வைக்க முடியாததைப் பற்றி விசாலாட்சி தம் அறிக்கையிலும் எழுதவில்லை, பொய்யென்றும் சொல்லவில்லை.

அந்த அறிக்கையால் முத்தையாவின் மரணம் மறுபடி விசாரிக்கப்பட்டது. அவர் உடலைத் தூக்குமுன் விசிறி ஓட்டியதால் வாயு கலைந்து, அப்போது சோதித்தவர்களுக்கு எதுவும் தெரியாமல் போனதும், மூச்சடைத்தே இறந்தார் என்பதும் துலங்கின. முடிவு வந்த நாளில், முத்தையாவின் மனைவி பஞ்சவர்ணத்தை விசாலாட்சியே தொலைபேசியில் அழைத்தார். வாயுவின் பெயரையோ எடையையோ சொல்லவில்லை.

“அவர் குடிக்கலம்மா. வேலை பார்க்க இறங்கினார். அங்க மூச்சுவிடக் காத்து இல்ல.”

நெடுநேரம் அழுகை கேட்டது. பிறகு, “போனை வெச்சிராதீங்க. பிள்ளைங்களக் கூப்பிடுறேன். அதையே அதுங்களுக்கும் ஒருக்கா சொல்லிருங்க,” என்றார் பஞ்சவர்ணம்.

விசாலாட்சி காத்திருந்தார். பிள்ளைகள் வந்ததும், மீண்டும் முதலிலிருந்து சொன்னார்.

அம்மையாரே! நலமும் நிம்மதியும் நாளும் பெருக, நல்ல உறக்கமும் நல்லோர் உறவும் சூழ, நூறாண்டு கடந்தும் தாங்கள் வாழ வேண்டுமென நெஞ்சார வாழ்த்தி வணங்குகிறோம்.

தங்கள் அன்பில் என்றும் திளைக்கும்
ஆய்வகப் பணியாளர்கள்
சிங்கப்பூர்